ஆழம் பூஜ்யம்

செப்டம்பர் இரண்டு, பகல் பதினொன்று பத்து வரை
எல்லாம் ஒழுங்கு.
ஆழம் நான்கு மீட்டர் பத்து.
நீரோட்டம் வடக்கே, நொடிக்கு முப்பது சென்டிமீட்டர்.
கலங்கல் கூடிக்கொண்டே வந்தது,
முகத்துவாரத்தில் யாரோ மணலை
முறத்திலிட்டுப் புடைப்பதுபோல்.

பதினொன்று இருபதில்
ஆழம் பூஜ்யம்.

பழவேற்காட்டு வாடகை அறையில்
ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு
அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
பத்து நிமிஷத்தில் கடல் வற்றாது.
கருவிதான் எழுந்து போயிருக்கிறது.

மூன்றாம் நாள் கொண்டுவந்து கொடுத்தவர் போலய்யா.
ஏரிக்கு வடகரை, ஆந்திரப் பக்கம்.
நண்டு வலையில் ஏறியதாம்.
"இதி மீதேனா?" என்று கேட்டபடி
ஆட்டோவிலிருந்து இறங்கினார்.
பிள்ளைபோல் மடியில் வைத்திருந்த ரவணம்மா
முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்துத் தந்தாள்.
ஒலி எறியும் நான்கு கண்களிலும்
நான்கு குங்குமப் பொட்டு.

இரும்புச் சட்டம் வந்தது.
ஈயக் கட்டிகள் வரவில்லை.
கேட்டேன். போலய்யா ஏரியைப் பார்த்தார்.
நானும் ஏரியைப் பார்த்தேன்.
எந்த வலையின் அடியிலோ
அவை இப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இனி அந்த மூன்று நாள்.
சாய்வு: பிற்பகல் வரை படகின் ஆட்டம்.
பிறகு விழித்த ஒவ்வொரு முறையும் வேறு கோணம்,
ஒரு சைக்கிள் கேரியர், ஒரு மணல் பாதை.
வெப்பம்: முப்பத்தெட்டு. தகரக் கூரை.
நள்ளிரவு தாண்டி இருபத்தாறு. மழை.
அடுத்த நாள் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை
முன்னும் பின்னும் பன்னிரண்டு பாகை, விடாமல்.
யாரோ ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டியிருக்கிறார்கள்.

அது மட்டும் வேலையை நிறுத்தவில்லை.
அந்த அறைக்குள்ளும்
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஓர் ஒலியை எறிந்து
திரும்புகிறதா என்று காத்திருக்கிறது.
சுவரைக் கடற்தரை என்று நம்பி,
அடுப்புப் புகையை வண்டல் என்று நம்பி.
ரவணம்மா குறுக்கே நடந்ததைத்
தென்கிழக்கு ஓட்டம், நொடிக்குத் தொண்ணூறு
என்று எழுதிவைத்திருக்கிறது.

"நானூற்று முப்பத்திரண்டு வரி, அத்தனையும் பிழை.
வெட்டிடும்மா" என்கிறார் போனில் பூவராகன் சார்.
"முன்னாடி இருக்கறதையும் பின்னாடி இருக்கறதையும் சேர்த்து
ஒரு கோடு இழு.
வாய் எப்ப அடைபடும்னு மட்டும் சொல்லு."

அடைபடும் சார். பங்குனிக்குள்.
இந்த ஆடியில் மட்டும்
முகத்துவாரம் எண்பது மீட்டர் வடக்கே தள்ளிப் போயிருக்கிறது.
வரைபடத்தில் மாநிலக் கோடு
போட்ட இடத்தில் கிடக்கிறது.

போகுமுன் போலய்யா கேட்டார்:
இந்த இசுக எவருடையது?
மணலைத்தான் கேட்கிறார்.
தெற்குக் காற்றில் உங்கள் பக்கம் போகிறது,
ஐப்பசிக்கு மேல் திரும்பி வருகிறது,
போன அளவு வருவதில்லை என்றேன்,
பாதி தமிழில், பாதி கையால்.
கொஞ்சம் யோசித்து
"அப்பு" என்றார். கடனுக்கு அவர்கள் சொல்.
அறிக்கையில் மூன்று பக்கம் வரும் அது.

வரிகளை வெட்டினேன். கோடு இழுத்தேன்.
வழவழவென்று வந்தது,
யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.
வெட்டியதைச் சேமிக்கப் போனால்
கோப்புக்குப் பெயர் கேட்டது.
ரவணம்மா வீடு என்று தட்டினேன்.

விடிந்தால் மறுபடி இறக்குகிறோம்,
ஈயத்துக்குப் பதில் சிமெண்டுக் கட்டி.
குங்குமம் இருந்தால் ஒலி தடைபடும்.
ஈரப் பஞ்சால் மூன்று கண்ணைத் துடைத்துவிட்டேன்.
ஒன்று பழுதானாலும்
மூன்று போதும் என்கிறது கையேடு.